எக்கோ என்னும் குடும்பப்பெயர்: தோற்றமும் பொருளும் வழக்கும்

முன்னுரை

ஒரு நாட்டு மக்களின் சமுதாய வரலாற்றை அறியக் கல்வெட்டும் ஆவணமும் துணைபுரிவது போலவே மக்கட்பெயர்களும் துணைபுரிகின்றன. பெயர் இடுவோரின் நம்பிக்கை, பெயர் பெறுவோரின் நிலை, பெயரைப் பதிவு செய்யும் அரசின் நோக்கம் ஆகிய மூன்றும் ஒரு பெயருக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இத்தாலிய மொழியில் மிக அருகிய வழக்குடைய குடும்பப்பெயர்களுள் ஒன்றான 'எக்கோ' இதற்குத் தக்க சான்றாகும். குறியியல் அறிஞரும் புதின ஆசிரியருமாகிய உம்பர்த்தோ எக்கோ (1932-2016) வழியாக இப்பெயர் உலகெங்கும் அறிமுகமாயிற்று. ஆயினும் பெயரின் பின்னணியில் நிற்பவர் அவர் அல்லர். பெற்றோர் யார் என்று அறியப்படாத குழந்தையாகப் பதிவேட்டில் நுழைந்த அவருடைய பாட்டனாரே ஆவார்.

இப்பெயரின் தோற்றம், பொருள், வழக்கு ஆகியவற்றை ஆராய்வதும், பெற்றோர் அறியப்படாத குழந்தைகளை இத்தாலியச் சமுதாயம் பெயரால் எவ்வாறு அடையாளப்படுத்தியது என்பதைக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தாலியக் குடும்பப்பெயர்களின் அமைப்பு

பண்டைய உரோமர் இயற்பெயர், குலப்பெயர், கிளைப்பெயர் என மூன்று பெயர்களைக் கொண்டிருந்தனர். மேலை உரோமப் பேரரசு வீழ்ந்தபின் இம்முறை சிதைந்து, இடைக்காலத்தின் முற்பகுதியில் பெரும்பாலோர் ஒற்றைப் பெயராலேயே அழைக்கப்பட்டனர். நகரங்கள் வளர்ந்து, வாணிகமும் சொத்துரிமை ஆவணங்களும் பெருகியபோது ஒரே பெயருடைய பலரை வேறுபடுத்திக் காட்டும் தேவை எழுந்தது. அத்தேவையிலிருந்தே பரம்பரையாகத் தொடரும் குடும்பப்பெயர்கள் தோன்றின. திரெந்து நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் 1563இல் திருமணப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியது. திருமுழுக்குப் பதிவேடுகளும் இக்காலத்தில் எங்கும் நிலைபெற்றன. பங்குக் குருக்கள் பேணிய இவ்வேடுகளே குடும்பப்பெயர்களை எழுத்தில் உறையச் செய்தன எனலாம்.

இத்தாலியக் குடும்பப்பெயர்களைப் பொருள் அடிப்படையில் நான்காகப் பகுப்பது மரபு. முதலாவது, முன்னோரின் இயற்பெயரிலிருந்து வந்தவை. மார்த்தீனோ என்பதிலிருந்து மார்த்தீனி தோன்றியது இவ்வகையாகும். இரண்டாவது, ஊரையும் நாட்டையும் குறிப்பவை. ரொமானோ, லொம்பார்தி, ஜெனொவேசே ஆகியன இவ்வகையின. மூன்றாவது, தொழிலைக் குறிப்பவை. ஃபெர்ராரி என்பது கொல்லரையும் சர்த்தோரி என்பது தையற்காரரையும் குறிக்கும். நான்காவது, உடல் நிறம் முதலிய பண்புகளால் அமைந்த பட்டப்பெயர்கள். செந்நிறம் குறித்த ரொஸ்ஸி, வெண்ணிறம் குறித்த பியாங்கி ஆகியவற்றை இங்குச் சுட்டலாம்.

எக்கோ என்னும் பெயர் இந்நான்கு வகையுள் எதனுள்ளும் இயல்பாகப் பொருந்தவில்லை. அது முன்னோர் பெயரன்று, ஊர்ப்பெயரன்று, தொழிற்பெயருமன்று. ஒருவரை அவருடைய பண்பு நோக்கி 'எதிரொலி' என்று ஊரார் அழைத்திருக்கலாம் என்று கொள்ளினும், பாட்டனார் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்னும் குடும்பச் செய்தி வேறொரு திசையைக் காட்டுகின்றது. மேற்கண்ட நால்வகைக்கும் புறம்பான ஐந்தாம் வகை ஒன்று இத்தாலியில் உண்டு. அது நிறுவனங்களும் அலுவலர்களும் இட்ட பெயர்களின் வகையாகும்.

கைவிடப்பட்ட குழந்தைகளும் பெயர்களும்

கைவிடப்பட்ட குழந்தைகளைப் பேணும் இல்லங்கள் இத்தாலியில் நெடிய வரலாறு உடையவை. மிலான் நகரில் தாத்தேயோ என்னும் தலைமைக் குரு கி.பி. 787இல் அத்தகைய இல்லம் ஒன்றை நிறுவினார். உரோம் நகரின் தூய ஆவி மருத்துவமனை போப்பரசர் மூன்றாம் இன்னசென்ட் (1198-1216) காலத்தில் இப்பணியை ஏற்றது. புளோரன்சு நகரில் பட்டு வணிகர் சங்கத்தின் பொருளுதவியோடு புரூனெல்லெஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் 1419இல் எழுப்பத் தொடங்கிய 'மாசற்றோர் இல்லம்' 1445இல் திறக்கப்பெற்றது. அவ்வாண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அங்கு ஏற்கப்பட்ட முதற்குழந்தைக்கு அகாத்தா ஸ்மெரால்தா என்று பெயரிடப்பட்டது. அந்நாள் புனித அகாத்தாவின் திருநாளாகும். பெற்றோர் பெயர் அறியப்படாத குழந்தைக்கு நாட்காட்டியே பெயர் கொடுத்தது என்பது இங்கு நோக்கத்தக்கது.

இவ்வில்லங்கள் பலவற்றின் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. தெருப்பக்கத்திலிருந்து குழந்தையை அதில் வைத்துச் சுழற்றினால் குழந்தை உட்புறம் சேரும். கொண்டுவந்தவர் முகத்தை உள்ளிருப்போர் காணார். வறுமை ஒருபுறமும், மணமாகாத தாய்மைக்குச் சமுதாயம் கற்பித்த இழிவு மறுபுறமும் இப்பெட்டியை நாடச் செய்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தாலியில் ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு விடப்பட்டனர். பாதியாக வெட்டப்பட்ட பதக்கம், உடைந்த நாணயம், நாடாத்துண்டு போன்றவற்றைக் குழந்தையோடு சேர்த்து வைத்தோரும் உண்டு. மறுபாதியைக் காட்டி ஒருநாள் குழந்தையை மீட்டுக்கொள்ளலாம் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். இத்தகைய அடையாளங்கள் புளோரன்சு இல்லத்தின் அருங்காட்சியகத்தில் இன்றும் பேணப்படுகின்றன. கைவிடுதல் யாவும் அன்பின்மையால் நிகழ்ந்தன அல்ல என்பதற்கு இவை வாய்பேசாச் சான்றுகளாகும்.

இக்குழந்தைகளுக்குக் குடும்பப்பெயர் இடுவதில் நகரங்கள் தத்தமக்கென ஒவ்வொரு வழக்கத்தைக் கொண்டிருந்தன. நேப்பிள்சில் 'எஸ்பொசித்தோ' என்னும் பெயர் இடப்பட்டது. 'வெளியே வைக்கப்பட்டவர்' என்று பொருள்படும் இலத்தீன் 'எக்ஸ்பொசித்துஸ்' என்பதன் வழிவந்தது அது. உரோம் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 'எறியப்பட்டவர்' என்று பொருள்தரும் 'புரொயெத்தி' வழங்கியது. புளோரன்சில் இல்லத்தின் பெயரே 'இன்னொசெந்தி' என்று குழந்தைகளின் குடும்பப்பெயராயிற்று. மிலானில் பெருமருத்துவமனையின் சின்னமாகிய புறாவைக் கொண்டு 'கொலொம்போ' என்று பெயரிட்டனர். இன்று இத்தாலியில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர்களுள் முதற்பத்து இடங்களுக்குள் எஸ்பொசித்தோவும் கொலொம்போவும் இடம்பெறுகின்றன.

ஆயினும் இப்பெயர் தாங்கியோர் அனைவரும் கைவிடப்பட்ட குழந்தைகளின் வழியினர் என்று முடிவு செய்தல் பொருந்தாது. கொலொம்போ என்பது அதற்கு முன்பே இயற்பெயராகவும் வழங்கியது. 1451இல் ஜெனோவாவில் பிறந்த கடலோடி கிறிஸ்தோபர் கொலம்பசின் குடும்பப்பெயரும் இதுவே. அவருக்கும் மிலான் இல்லத்துக்கும் தொடர்பில்லை. ஒரே வடிவம் பல ஊற்றுகளிலிருந்து பிறத்தல் கூடும் என்னும் இவ்விதி எக்கோ என்னும் பெயரை ஆராயும்போதும் நினைவில் கொள்ளத்தக்கது.

பொதுப்பெயரிலிருந்து தனிப்பெயருக்கு

ஓர் இல்லத்துக் குழந்தைகள் அனைவர்க்கும் ஒரே குடும்பப்பெயர் இடும் வழக்கம் நிருவாகத்துக்கு எளிதாயிருந்தது. பெயர் பெற்றவர்க்கோ அது வாழ்நாட்சுமையாயிற்று. வேலை கேட்டு நிற்கும்போதும் திருமணம் பேசும்போதும் பெயரைச் சொன்ன அளவிலேயே பிறப்பு வெளிப்பட்டது. தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது குடும்பப்பெயரின் இயல்பாதலால், முதல்வர் பெற்ற குறி பேரப்பிள்ளைகளையும் தொடர்ந்தது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. நேப்பிள்சை ஆண்ட யொவாக்கிம் மூரா (1808-1815) எஸ்பொசித்தோ என்று பெயரிடுவதைத் தடைசெய்தார். மிலானில் கொலொம்போ என்று பெயரிடும் வழக்கம் 1825இல் கைவிடப்பட்டது. இதன்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் வெவ்வேறு பெயர் ஆக்கவேண்டிய பொறுப்பு எழுத்தர்கள் மேல் விழுந்தது. மாதம், கிழமை, மரம், ஊர், புனிதரின் பெயர் எனக் கையில் கிடைத்தவற்றையெல்லாம் அவர்கள் பெயராக்கினர். நாடு ஒன்றிணைந்தபின் வந்த 1865ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டத்தொகுப்பினால் பிறப்புப் பதிவு திருச்சபையிடமிருந்து அரசிடம் வந்தது. 1866 முதல் நகராட்சி அலுவலரே பதிவாளரானார்.

பிறப்பைக் காட்டிக் கொடுக்கும் பெயரைத் தவிர்க்க வேண்டும் என்னும் கருத்து பின்னர்த் தெளிவான சட்டவிதியாயிற்று. பெற்றோர் அறியப்படாத குழந்தைக்கு அந்நிலையை உணர்த்தும் பெயரையோ, வரலாற்றுச் சிறப்புடைய குடும்பப்பெயரையோ, அவ்வூரில் நன்கறியப்பட்ட குடும்பத்தின் பெயரையோ இடலாகாது என்று 1939ஆம் ஆண்டு ஆணை விதித்தது. அவ்விதி 2000ஆம் ஆண்டுக் குடிமைப் பதிவு ஒழுங்குமுறையிலும் தொடர்கின்றது.

இவ்விதியின் மொழியியல் விளைவு கருதத்தக்கது. பொருள் வெளிப்படும் பெயர் கூடாது. பிறர் குடும்பப்பெயரும் கூடாது. எனின், முன்பு எவரும் தாங்காத புதுப்பெயர் ஒன்றையே படைத்தாகவேண்டும். சட்டம் வருமுன்னரே பல எழுத்தர்கள் இவ்வழியில் சென்றிருந்தனர். இத்தாலியின் அருகிய குடும்பப்பெயர்கள் பலவற்றிற்கு இதுவே காரணம். எஸ்பொசித்தோ பெருகியதற்கும் எக்கோ போன்றவை அருகியதற்கும் அடிப்படை நிகழ்ச்சி ஒன்றுதான். பெயரிடும் கொள்கையே வேறு.

எக்கோ: இருவேறு விளக்கங்கள்

எக்கோ என்னும் பெயருக்கு இரு விளக்கங்கள் கூறலாம். ஒன்று, இத்தாலியில் 'எதிரொலி' என்று பொருள்படும் எக்கோ என்னும் பொதுச்சொல்லே பெயராயிற்று என்பது. கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வழியாக இத்தாலிக்கு வந்த சொல் இது. பிறர் சொல்லைத் திருப்பிச் சொல்வதன்றித் தனக்கெனப் பேச்சில்லாத ஒரு வனதேவதையின் பெயராகவும் இது கிரேக்கத் தொன்மத்தில் வழங்குகின்றது.

மற்றொன்று, இது முதலெழுத்துச் சுருக்கம் என்பது. 'எக்ஸ் சேலிஸ் ஒப்லாத்துஸ்' என்னும் இலத்தீன் தொடரின் மூன்று முதலெழுத்துகளும் சேர்ந்து எக்கோ ஆயின. 'வானகத்திலிருந்து அளிக்கப்பட்டவர்' என்பது அத்தொடரின் பொருள். கண்டெடுக்கப்பட்ட குழந்தையாகிய பாட்டனாருக்கு நகராட்சி அலுவலர் ஒருவர் இப்பெயரை இட்டார் என்பது குடும்பத்தார் கூறும் செய்தி. வத்திக்கான் நூலகத்தில் இயேசு சபையினர் வழங்கிய சுருக்கங்களின் பட்டியல் ஒன்றில் இச்சுருக்கத்தை நண்பர் ஒருவர் கண்டு தமக்குத் தெரிவித்ததாக உம்பர்த்தோ எக்கோ 2011இல் அளித்த நேர்காணல் ஒன்றில் விளக்கியுள்ளார்.

ஒலியமைப்பு நோக்கிலும் இவ்விளக்கம் ஆராயத்தக்கது. திருச்சபை இலத்தீனில் 'சேலிஸ்' என்னும் சொல்லின் முதலெழுத்து சகர ஒலி பெறுகின்றது. அதே எழுத்து ஒகரத்தின் முன் வரும்போது ககர ஒலி பெறும். எனவே தொடரில் சகரமாக ஒலித்த எழுத்து பெயரில் ககரமாக மாறிவிடுகின்றது. செவிவழிப் பிறந்த சுருக்கமாயின் இம்மாற்றம் நேர்ந்திராது. இவ்விளக்கம் உண்மையாயின், இப்பெயர் நாவில் பிறந்ததன்று, ஏட்டில் பிறந்தது என்பது பெறப்படும்.

மேலும், இத்தொடரின் இறுதிச்சொல் ஆணுக்கு 'ஒப்லாத்துஸ்' என்றும் பெண்ணுக்கு 'ஒப்லாத்தா' என்றும் வேறுபடும். முதலெழுத்து மட்டும் நிற்பதால் சுருக்கம் இருபாலார்க்கும் பொதுவாகின்றது. பதிவாளர்க்கு இது வாய்ப்பான வடிவமேயாகும்.

விளக்கத்தின் எல்லை

பொருந்துகின்ற விளக்கம் அனைத்தும் உண்மையான விளக்கம் ஆகிவிடாது. மூன்றெழுத்துடைய எந்தப் பெயரையும் ஏதேனும் ஒரு தொடரின் சுருக்கமாகக் காட்டுதல் இயலும். பட்டியலில் சுருக்கம் இருந்தது என்பது அத்தகைய சுருக்கம் வழங்கியதற்குச் சான்றாகுமே அன்றி, அலுவலர் அதனை நினைந்தே பெயரிட்டார் என்பதற்குத் தனித்து நின்று சான்றாகாது. பெயர் தோன்றிய பின்னர்க் கண்டறியப்பட்ட பொருளை ஆய்வாளர் ஐயத்துடனேயே அணுகுவர்.

இவ்வெச்சரிக்கையை உலகுக்கு வற்புறுத்தியவருள் உம்பர்த்தோ எக்கோவே முதன்மையானவர். விளக்கத்தின் எல்லைகள் குறித்து 1990இல் அவர் வெளியிட்ட நூலும், மிகைவிளக்கம் குறித்து 1992இல் வெளிவந்த அவருடைய சொற்பொழிவுகளும் இப்பொருளையே பேசுகின்றன. 1988இல் வெளியான 'ஃபூக்கோவின் ஊசல்' என்னும் புதினத்தில், சிதைந்த ஆவணம் ஒன்றின் துண்டுச்சொற்களை நிரப்பி மாபெரும் மறைத்திட்டம் ஒன்றைக் கதைமாந்தர் கற்பிக்கின்றனர். அது வணிகர் ஒருவரின் பொருட்பட்டியலாகவே இருக்கலாம் என்று ஒரு பெண் பாத்திரம் எளிமையாக விளக்கிவிடுகின்றார். அதே புதினத்தில் தியோத்தல்லேவி என்னும் பெயருடைய பாத்திரமும் வருகின்றது. 'கடவுள் உன்னை வளர்ப்பாராக' என்பது அப்பெயரின் பொருள். பாட்டனார் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்பதும், இத்தகைய பெயர்களை நகராட்சியினர் இடுவது வழக்கம் என்பதும் அங்குப் பேசப்படுகின்றன. தம் குடும்பப்பெயரின் சிக்கலையே ஆசிரியர் வேறொரு பெயரின்மேல் ஏற்றிக் காட்டினார் என்று கொள்ளுதல் தவறாகாது.

எனவே, பாட்டனாரின் பிறப்புநிலை, பெயர் வழக்கமான நால்வகையுள் அடங்காமை, சுருக்கம் பட்டியலில் இடம்பெற்றமை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், முதலெழுத்து விளக்கத்தைப் பெரிதும் ஏற்புடைய கருதுகோளாகக் கொள்ளலாம். உம்பர்த்தோ எக்கோவும் இதனை ஏற்புடையதொரு தோற்றம் என்ற அளவிலேயே கூறினார்.

சொற்பொருள் நோக்கு

எஸ்பொசித்தோ, புரொயெத்தி ஆகிய பெயர்களையும் 'ஒப்லாத்துஸ்' என்னும் சொல்லையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மூன்றும் இறந்தகாலச் செயப்பாட்டுவினையின் எச்ச வடிவங்கள். வைக்கப்பட்டவர், எறியப்பட்டவர், அளிக்கப்பட்டவர் என்னும் மூன்றிலும் செயல் உண்டு, செயலுக்கு உட்பட்டவர் உண்டு, செய்தவர் இல்லை. சுழற்பெட்டி தாயின் முகத்தை மறைத்தது போலவே இலக்கணமும் வினைமுதலை மறைத்துவிடுகின்றது.

எனினும் மூன்றின் நோக்கும் ஒன்றல்ல. முதலிரண்டும் குழந்தை விட்டுச்செல்லப்பட்ட கணத்தைக் காண்கின்றன. மூன்றாவது அதே நிகழ்ச்சியைப் பெற்றுக்கொண்டவர் பக்கத்திலிருந்து காண்கின்றது. 'ஒப்லாத்துஸ்' என்னும் சொல்லுக்குத் துறவு மடங்களில் தனி வரலாறு உண்டு. பெற்றோர் மடத்துக்கு நேர்ந்துவிட்ட சிறுவரை இச்சொல்லாலேயே குறித்தனர். ஆறாம் நூற்றாண்டில் தோன்றிய புனித பெனடிக்டின் ஒழுங்குநூல் அவ்வாறு பிள்ளைகளை ஒப்படைக்கும் முறையை விதித்துள்ளது. ஆகவே இச்சொல்லைத் தேர்ந்தவர் எறியப்பட்ட பொருளாகக் குழந்தையைக் கருதாமல், காணிக்கையாகவே கருதினார் எனலாம். 'எங்கிருந்து' என்னும் வினாவுக்கு மனிதரைச் சுட்டாமல் வானகத்தைச் சுட்டியதும் அத்தகையதே. பொருளைச் சுருக்கத்துக்குள் ஒளித்து வைத்தமையால் ஊரார் கேட்பது எதிரொலி என்னும் பொதுச்சொல்லை மட்டுமே. பிறப்பை மறைத்தலும் பிறந்தவரைப் போற்றுதலும் மூன்றெழுத்தில் ஒருங்கே நிறைவேறுகின்றன.

வழக்கும் பரவலும்

குடும்பப்பெயர் பொதுவாகப் பின்னோக்கிச் சுட்டுவது. தாங்குபவருக்கு முன் வாழ்ந்தவரை அது நினைவூட்டும். கண்டெடுக்கப்பட்ட குழந்தையின் பெயர் அவ்வாறு சுட்டுவதில்லை. அவரே முதல்வர், பெயர் அவரிடமிருந்து முன்னோக்கியே செல்கின்றது. உம்பர்த்தோ எக்கோவின் தந்தை ஜூலியோ பதின்மூன்று குழந்தைகளுள் ஒருவர். ஏட்டில் தனியொருவராகப் பதியப்பட்டவரின் பெயர் ஒரே தலைமுறையில் ஒரு பெருங்குடும்பத்தின் பெயராயிற்று. ஆயினும் இல்லம் முழுவதற்கும் இடப்பட்ட எஸ்பொசித்தோவோடு ஒப்பிட, ஒருவருக்கு இடப்பட்ட பெயர் எண்ணிக்கையில் சிறுத்தே நிற்கும்.

எண்ணிக்கையால் பெறாத பரவலை இப்பெயர் புகழால் பெற்றது. பியெமோந்தே பகுதியின் அலெசாந்திரியா நகரில் 1932 சனவரி 5ஆம் நாள் பிறந்த உம்பர்த்தோ எக்கோ, பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் குறியியல் பேராசிரியராக விளங்கினார். 1975இல் வெளியான பொதுக் குறியியல் நூலும் 1980இல் வெளியான 'ரோஜாவின் பெயர்' என்னும் புதினமும் அவர் பெயரை நிலைநிறுத்தின. இத்தாலியத் திறனாய்வில் 'எக்கியானோ' என்னும் பெயரடை எக்கோவுக்குரிய நடை, எக்கோவுக்குரிய சிந்தனை என்ற பொருளில் வழங்கலாயிற்று. ஒரு குடும்பப்பெயர் பிற சொற்களை ஈன்று தரும் வேராக மாறுவது அதன் வாழ்வில் உயர்நிலையாகும். அலுவலர் ஆக்கிய செயற்கைப்பெயர் ஒன்று இரு தலைமுறைக்குள் அந்நிலையை எய்தியுள்ளது.

இதற்கிடையே அப்பெயர்களைத் தோற்றுவித்த சூழலும் மாறியது. சுழற்பெட்டியை 1867இல் ஃபெர்ராரா நகரம் முதலில் மூடியது. புளோரன்சும் நேப்பிள்சும் 1875இல் மூடின. 1923இல் நாடு முழுவதும் அது ஒழிக்கப்பட்டது. தந்தை பெயர் அறியாதவரின் சான்றிதழ்களில் 'பெயர் அறியேன்' என்னும் இலத்தீன் தொடரின் சுருக்கமாக ஈரெழுத்துகள் பொறிக்கப்பட்டு வந்தன. பெற்றோர் பெயரைப் பொதுச் சான்றிதழ்களிலிருந்து நீக்கிய 1955ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விழிவையும் அகற்றியது. தந்தையின் குடும்பப்பெயர் தானாகவே குழந்தையைச் சேரும் விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. பெற்றோர் வேறுவகையாக உடன்பட்டாலன்றி இருவர் பெயரும் குழந்தைக்குரியன என்பது அத்தீர்ப்பின் சாரம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. எக்கோ என்னும் குடும்பப்பெயர் இத்தாலியில் வழக்கமான நால்வகையுள் அடங்காது, அலுவலர் இட்ட பெயர் வகையைச் சார்ந்தது. 'வானகத்திலிருந்து அளிக்கப்பட்டவர்' என்னும் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம் என்பது அதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் மிக ஏற்புடையது. பொதுப்பெயர் இடும் முறை கைவிடப்பட்டுத் தனிப்பெயர் ஆக்கும் முறை தோன்றியமையே இத்தகைய பெயர்களின் அருமைக்குக் காரணம்.

இவற்றினும் மேலான ஒன்றையும் இப்பெயர் உணர்த்துகின்றது. இரு நகரங்களில் இரு குழந்தைகள் ஒரே வகையில் கைவிடப்படலாம். ஒருவரை ஏடு 'எறியப்பட்டவர்' என்று எழுதியது. மற்றவரை 'அளிக்கப்பட்டவர்' என்று எழுதியது. நிகழ்ச்சி வேறுபடவில்லை, எழுதியவர் நெஞ்சமே வேறுபட்டது. பெயரிடும் அதிகாரம் பெற்ற ஓர் எழுத்தரின் ஒரு நொடித் தெரிவு தலைமுறைகளைத் தொடர்ந்து செல்லும் என்பதற்கு எக்கோ என்னும் மூன்றெழுத்துப் பெயர் சான்றாக நிற்கின்றது.